கருவிக்கு அருகில் இருப்பவர்கள்



ஏலூரில் ஃபாக்ட் உரத் தொழிற்சாலை, களமசேரியில் எச்.எம்.டி., திருக்காக்கரையில் கடற்படைக்கான ஆய்வுக்கூடம். இவற்றுக்கு நடுவே 1971இல் தொடங்கிய கொச்சிப் பல்கலைக்கழகம் 1986இல் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாயிற்று. ரப்பர், கப்பல், ஒளியணுவியல், கடல் என்று இங்கே வளர்ந்த துறைகள் பெரும்பாலும் கருவிகளை நம்பியவை. அதனால்தான் பல்கலைக்கழக வேலைவாய்ப்பைப் பற்றிய இந்தக் கருத்தரங்கு இங்கே நடப்பது பொருத்தம்.

பல்கலைக்கழக வேலை என்றதும் நம் பிள்ளைகள் உதவிப் பேராசிரியர் பதவியைத்தான் நினைக்கிறார்கள். ஆய்வை நாள்தோறும் நடத்திக்கொடுப்பவர்களின் வேலை அவர்கள் கண்ணில் படுவதில்லை. அரசாணைகளும் அவர்களை 'ஆசிரியரல்லாத பணியாளர்' என்ற ஒரே பட்டியலில் அடைத்துவிடுகின்றன. இது எனக்கு நெடுநாள் வருத்தம்.

ஒரு ரப்பர் மாதிரியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைக்கும் முன் அதற்குத் தங்கப் பூச்சு கொடுப்பார்கள். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. பூச்சு இல்லையென்றால் மேற்பரப்பில் மின்னூட்டம் தேங்கிப் படம் வெளிறிப்போகும். பூச்சு தடித்துவிட்டாலோ, நாம் தேடும் நுண்ணிய விரிசலே மூடிப்போகும். எந்த மாதிரிக்கு எத்தனை விநாடி என்பது பல ஆண்டுக் கைப்பழக்கம். அந்தக் கை ஒப்பந்தக் காலம் முடிந்து வெளியேறினால், கோடி ரூபாய்க் கருவி இருந்தும் நல்ல படம் வராது.

இவ்வளாகத்தில் 2017 முதல் இயங்கும் வளிமண்டல ராடாரும் அப்படித்தான். 205 மெகாஹெர்ட்ஸ், 619 ஆண்டெனாக்கள். தலைக்கு மேலே பல கிலோமீட்டர் உயரம் வரை காற்றின் வேகத்தையும் திசையையும் அது அளக்கிறது. தென்மேற்குப் பருவமழை கரையேறும் நாளில் தரவு விட்டுப்போனால் அந்த நாள் திரும்பக் கிடைக்காது. அது விட்டுப்போகாமல் காப்பவர்களின் பெயர் ஆய்வுக் கட்டுரையில் பெரும்பாலும் கடைசி நன்றிப் பத்தியோடு நின்றுவிடுகிறது.

ஆய்வு மாணவர்களின் நிலையையும் பாருங்கள். இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023இல் மாதம் 37,000 ரூபாயாகவும், முதுநிலைக்கு 42,000 ஆகவும் உயர்ந்தது. மகிழ்ச்சி. ஆனால் உதவித்தொகைக்குக் காலவரம்பு உண்டு. பிறகு என்ன? கருவிப் பொறியாளர், தரவு மேலாளர், காப்புரிமை அலுவலர், நிதிநல்கைக் கணக்கை முடித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்புபவர் என்று வேலைகள் இருக்கின்றன. நிரந்தரப் பணியிடமும் பதவி உயர்வும்தான் அரிதாக இருக்கின்றன. பிரிட்டனில் 2017இல் டெக்னீஷியன் கமிட்மென்ட் என்ற உறுதிமொழி வந்தது. கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள் தொழில்நுட்பப் பணியாளரின் அங்கீகாரத்துக்கும் முன்னேற்றத்துக்கும் பொறுப்பேற்றன. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய ஆய்வு அறக்கட்டளையை நிறுவியிருக்கும் நாம் ஏன் தயங்க வேண்டும்?

இன்று மாலை தீர்மானம் எழுதும்போது இரண்டு கோரிக்கைகளைச் சேர்க்க வேண்டுகிறேன். கருவி வாங்க நிதி கேட்கும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அதை இயக்குபவரின் சம்பளத்துக்குத் தனி இனம் வேண்டும். திட்டப் பணியில் கழித்த ஆண்டுகளை நிரந்தர நியமனத்தில் அனுபவமாகக் கணக்கிட வேண்டும். முதல் அமர்வில் பேசவிருப்பவர்கள் ஆய்வகப் பணியாளர்கள். துறைத்தலைவர்கள் முன்வரிசையில் அமர்ந்து கேட்கும்படி கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.