கோழித் தீனியும் கூலிக்காரன் குடலும்

(தென்காசியில் பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்துப் பேரருவியிலும் ஐந்தருவியிலும் குளிக்க ஊர் ஊராக ஜனங்கள் வருகிறார்கள். குளித்துக் கரையேறினால் பசி வயிற்றைக் கிள்ளும். பிரானூர் பார்டர் வரை போய் பரோட்டாவும் கோழியும் சாப்பிடாமல் திரும்புகிறவர் குறைவு. சாப்பிடட்டும். சம்பளம் வாங்கிய அன்றைக்கு நாமும்தான் சாப்பிடுகிறோம். ஆனால் பண்ணைக் கோழி எப்படி வளர்கிறது, அதை வளர்க்கிறவன் கதி என்ன என்பதை யார் பேசுகிறார்கள்? நாம் பேசுவோம்.

கோழியின் குடலிலே சால்மனெல்லா, ஈ.கோலி முதலிய பாக்டீரியாக் கிருமிகள் குடியிருக்கும். அறுக்கும்போது கறியில் ஒட்டிக்கொள்ளும். நன்றாக வேகவைத்தால் செத்துப்போகும். ஆகவே அரைவேக்காட்டுக் கறி ஆகாது. கறி நறுக்கிய அரிவாள்மனையைக் கழுவாமல் அதிலே வெங்காயம் நறுக்கக் கூடாது. நம் வீட்டுப் பெண்களுக்கு இது தெரியாததல்ல. இதோடு உபதேசத்தை முடித்துக்கொள்ளும் கனவான்கள் அநேகர். குற்றமெல்லாம் அடுப்படியில்தான் என்று அவர்கள் எண்ணம்! நாம் அடுப்படியைத் தாண்டிக் கோழிக் கொட்டகைக்குப் போவோம்.

ஒப்பந்தப் பண்ணையில் குஞ்சு கம்பெனியுடையது, தீனி கம்பெனியுடையது, மருந்தும் கம்பெனியுடையது. கொட்டகையும், கரண்டு செலவும், ராத்தூக்கமும் மட்டும் சிறு விவசாயியுடையவை. கோழியின் எடைக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. எடை ஏறினால்தான் கூலி. சாக்கைப் பிரித்துக் கொட்டுகிறவனுக்கு அதற்குள் என்ன கலந்திருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

தீனியில் தினந்தோறும் கொஞ்சம் ஆன்டிபயாடிக் மருந்து கலந்தால் கோழி சீக்கிரம் எடை போடும் என்பதை 1940களின் இறுதியில் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து பிடித்தது சனியன். கொஞ்ச மருந்தில் எளிய கிருமி சாகும். முரட்டுக் கிருமி பிழைக்கும், பெருகும். அது மட்டுமா? மருந்தை எதிர்க்கிற வித்தையைப் பக்கத்துக் கிருமிக்கும் கைமாற்றிவிடும். பிறகு அதே கிருமி மனிதனைப் பிடித்தால், ஆஸ்பத்திரியில் அதே மருந்து வேலை செய்யாது.

முதலில் அகப்படுகிறவன் யார்? பாஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் டாக்டர் ஸ்டூவர்ட் லெவியும் கூட்டாளிகளும் சோதித்து, 1976ல் முடிவை வெளியிட்டார்கள். சில கோழிகளுக்கு மட்டும் டெட்ராசைக்ளின் கலந்த தீனி. ஒரு வாரத்துக்குள்ளேயே அந்தக் கோழிகளின் குடல் கிருமிகள் மருந்துக்கு அடங்க மறுத்தன. ஐந்தாறு மாதத்தில் பண்ணையில் குடியிருந்தவர்கள் குடலிலும் அடங்காத கிருமிகள் மிகுந்திருந்தன. அக்கம்பக்கத்து வீட்டாரிடம் அப்படியில்லை. பண்ணை மனிதர்கள் அந்த மருந்தை விழுங்கவில்லை, தோழர்களே! கொட்டகையில் புழங்கினார்கள், அவ்வளவுதான்.

கொலிஸ்டின் என்றொரு பழைய மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று டாக்டர்கள் ஒதுக்கிவைத்திருந்தது. மற்ற மருந்தெல்லாம் தோற்றபிறகு, உயிருக்குப் போராடும் நோயாளிக்குக் கடைசிக் கைத்தடியாக அதைத்தான் எடுக்கிறார்கள். அந்தக் கைத்தடியையும் கோழிக்குக் கொடுத்துக் கொழுக்கவைத்தார்கள்! அதையும் எதிர்க்கிற வித்தை கிருமிக்குக் கிருமி தாவுகிறது என்று 2015ல் சீனாவில் கண்டார்கள். பன்றியிலும், கடைக் கறியிலும், நோயாளியிடமும் கண்டார்கள். நம் மத்திய சர்க்கார் 2019 ஜூலையில்தான் உணவுப் பிராணிகளுக்குக் கொலிஸ்டினைத் தடை செய்தது. ஸ்வீடன் 1986லேயே கொழுக்கவைக்கும் ஆன்டிபயாடிக் அத்தனையையும் தீனியிலிருந்து நீக்கியது. ஐரோப்பிய யூனியன் 2006ல் நீக்கியது. அங்கே கோழிப் பண்ணைகள் அழிந்துபோய்விடவில்லை.

கிருமி கொட்டகையோடு நிற்பதுமில்லை. கோழி எருவைக் காய்கறித் தோட்டத்துக்குப் போடுகிறோம். பாவூர்சத்திரம் சந்தைக்குப் போகும் காய் வெந்துவிடும். பச்சையாய்த் தின்னும் மல்லித்தழை? பச்சை எருவை அப்படியே கொட்டாமல் குவித்து, கிளறிவிட்டு, உள்ளே சூடேறி மக்கவிட்டால் கிருமி பெரும்பாலும் மாளும். நாள் பிடிக்கும். அவசரப்படுத்தினால் மறுப்போம்.

"மருந்தில்லாவிட்டால் கோழி செத்துப்போகுமே, நஷ்டம் எங்கள் தலையில் அல்லவா விழும்?" என்று இங்கே ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. நோய் கண்ட கோழிக்குக் கால்நடை டாக்டர் சொல்லி மருந்து கொடுப்பது வேறு. நோயில்லாத கோழிக்குத் தினம் ஊட்டுவது வேறு. நெருக்கி அடைக்காமல், உலர்ந்த தரையும் காற்றும் தண்ணீரும் கொடுத்து, தடுப்பூசி போட்டால் நோய் குறையும். நெருக்கத்தைக் குறைத்தால் கோழி எண்ணிக்கை குறையும். அந்தக் குறைவைக் கம்பெனி தாங்கட்டும், வளர்ப்புக் கூலியை உயர்த்தட்டும். கொட்டகை வாசலில் குழாயும் சோப்பும் வேண்டும். எரு அள்ளுகிறவருக்குக் கையுறையும் காலணியும் வேண்டும். தீனிச் சாக்கில் என்ன கலந்திருக்கிறது என்று தமிழிலே அச்சிட்டுத் தர வேண்டும். நாளைக் காலையில் சாக்குப் பிரிக்கும்போதே இதைக் கேட்கத் தொடங்குவோம்.