சொல்லாமல் வரட்டும் ஆய்வாளர்



அதிகாரி வருகிற நாளில் பட்டாசு ஆலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. மரத்தடியில் வெடி பின்னிய பெண்களுக்கு அன்றைக்கு வேலை இல்லை. ரூமுக்கு நான்கு பேர்தான் உட்கார்ந்திருப்பார்கள். போர்மேன் மேசையில் பதிவேடு விரிந்திருக்கும். மறுநாள் அதே ரூமில் பத்துப் பேர்! அதிகாரி வரப்போகும் சேதி ஆலைக்கு முந்தின நாளே எப்படி வந்தது? அதைத்தான் கேட்கிறேன்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 81-ஆம் உடன்படிக்கையை 1949-லேயே இந்தியா ஏற்றுக்கொண்டது. இரவோ பகலோ, ஆய்வாளர் முன்கூட்டிச் சொல்லாமல் ஆலைக்குள் நுழையலாம் என்கிறது அது. சொல்லிவிட்டு வருவதற்குப் பெயர் ஆய்வா? அது விருந்து!

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. விதிமீறலுக்காக உரிமம் நிறுத்திவைக்கப்பட்ட ஆலை என்று அப்போது செய்தி வந்தது. உரிமம் நின்றது, வேலை நிற்கவில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் கருகின. காப்பாற்ற ஓடிப்போனவர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இன்னொரு ஆலை வெடித்தது. அங்கே உள்குத்தகை. இருபதுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தோம். உரிமம் ஒருவர் பெயரில், ரூம் இன்னொருவர் கையில் என்றால் அது ஊருக்கே தெரியும். ஆய்வு செய்பவருக்கு மட்டும் தெரியாமல் போகுமா?

இன்னொன்றையும் கேளுங்கள். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 105-ஆம் பிரிவுப்படி, ஆய்வாளர் புகார் கொடுத்தால்தான், அல்லது அவர் எழுத்தில் அனுமதித்தால்தான், நீதிமன்றம் வழக்கை எடுக்கும் என்று இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அந்தச் சட்டத்தின்கீழ் தானாக வழக்குப் போட முடியவில்லை. ஆய்வாளரும் குற்றம் தெரிந்த மூன்று மாதத்துக்குள் போட்டாக வேண்டியிருந்தது. கோப்பு தூங்கினால் குற்றவாளிக்கு விடுதலை! சட்டத்தின் சாவியை ஒரே கையில் கொடுத்துவிட்டு, அந்தக் கை அசைகிறதா என்று பார்க்க எவரையும் வைக்கவில்லை.

2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய சட்டத் தொகுப்பு வந்தது. ஆய்வாளருக்கு 'ஆய்வாளர் மற்றும் வசதியளிப்பாளர்' என்று பெயர் மாற்றினார்கள். யாருக்கு வசதி? அபராதத்தில் ஒரு பங்கைக் கட்டி வழக்கையே முடித்துக்கொள்ளவும் வழி வைத்தார்கள். சாவுக்குத் தண்டனை இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. நாம் கேட்பது சாவுக்கு முன்னால் வருகிற ஆய்வாளரை!

தாய்மார்களே, புகார் சொன்னவர் யார் என்பதையும், புகாரால்தான் வந்தோம் என்பதையும் ஆய்வாளர் முதலாளியிடம் சொல்லக் கூடாது. அதே 81-ஆம் உடன்படிக்கை விதித்த கடமை அது. ஆகவே எழுதுங்கள். எந்த ரூமில் எத்தனை பேர், யாருக்கு உள்குத்தகை, எந்தத் தேதி என்று எழுதுங்கள். தனியாக எழுதப் பயமா? சங்கத்துக்கு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம். அடுத்த முறை அதிகாரி வந்தால் போர்மேனிடம் பேசவிட்டு ஒதுங்கி நிற்காதீர்கள். மருந்து அள்ளுகிற நீங்கள் முன்னால் வந்து பேசுங்கள்!