கேம் டிசைன் படிக்கிறேன் என்று பிள்ளை சொன்னால்

பிளஸ் டூ முடித்த பிள்ளை கேம் டிசைன் படிக்கிறேன் என்றால், "விளையாடுறதுக்கு ஒரு படிப்பா?" என்று உடனே கேட்டுவிடாதீர்கள்.

அமெரிக்காவின் ரெட்மண்ட் நகரில் டிஜிபென் என்றொரு கல்லூரி. அங்கே மாணவர்கள் சிலர் சேர்ந்து 2005-இல் 'நார்பாகுலர் டிராப்' என்ற கேமைச் செய்தார்கள். ஒரு சுவரில் ஒரு வாசல், வேறொரு சுவரில் இன்னொன்று. இதில் நுழைந்தால் அதில் வெளியே வரலாம், அவ்வளவுதான். வால்வ் நிறுவனம் பார்த்தது, மொத்தக் குழுவையும் வேலைக்கு எடுத்தது. 2007-இல் 'போர்ட்டல்' வந்தது. (உங்கள் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும், கேளுங்கள்.)

புரோகிராமிங் பக்கம் போனால் வெக்டரும் மேட்ரிக்ஸும் விடாது. கணக்கு கசந்தால் சிரமம். கல்லூரிக்குப் போனால், ஃபீஸ் விசாரிக்கும் முன் கடைசி ஆண்டு மாணவர்கள் குழுவாகச் செய்து முடித்த கேமை விளையாடக் கேளுங்கள். தரவில்லையா, பணம் கட்டாதீர்கள்.