இணைப்பு அறுந்தது எங்கே?

ஏரி நிரம்பியிருந்தும் கடைமடை வயல் காய்ந்தால், கீழ்பென்னாத்தூர் உழவர் வயலின் மடையிலிருந்து ஏரி மதகு வரை கால்வாயோடு நடந்து அடைப்பைத் தேடுவார். மாணவ நண்பர்களே, ஒரு கணிப்பொறிக்குள் மென்பொருளால் அமைந்த மெய்நிகர் சேவையகம் அண்டைக் கணிப்பொறிகளோடு தொடர்பிழந்தால், நான் கூறும் வழியும் இதுவே.

1983-இல் மைக் மூஸ் இயற்றிய 'பிங்' என்னும் சிறு நிரல் நமக்குத் துணை. முதலில், சேவையகத்தினுள்ளிருந்தே 127.0.0.1 என்னும் முகவரியை அழையுங்கள். விடை வந்தால் உள்ளிருக்கும் பிணைய மென்பொருள் நலமே. வெளிவழி திறந்திருப்பதாகப் பொருளன்று. அடுத்து, சேவையகம் பெற்ற முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்குமாயின், முகவரி வழங்கும் சேவை பெரும்பாலும் அதற்கு எட்டவில்லை. பின்னர் அண்டைக் கணிப்பொறியை அழையுங்கள். விடை வாராமை மட்டுமே பழுதுக்குச் சான்றாகாது. 'பயர்வால்' என்னும் காப்பும் தடுத்திருக்கலாம்.

இனி, தாங்கிநிற்கும் கணிப்பொறியின் அமைப்பை நோக்குவோம். 'நாட்' முறையில் சேவையகம் வெளியே செல்லும். வழி திறந்துவிடாதவரை பிறர் உள்ளே வர இயலாது. 'பிரிட்ஜ்' முறையிலோ அது பிணையத்தில் தனிக் கணிப்பொறி போலவே விளங்கும்.

அனைத்தையும் ஒருங்கே மாற்றினால், பழுது தீர்ந்தாலும் காரணம் தெரியாது. ஒன்றை மாற்றுங்கள்; சோதியுங்கள்; பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.