அச்சம் அரங்கேறும்போது

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



குற்றாலச் சாரலில் நனைந்து வந்து அமர்ந்திருக்கும் அவையில் சுடுகாட்டைப் பற்றியும் பேயைப் பற்றியும் பேசுவது முறையாகுமா என்று விழாக் குழுவினரிடம் கேட்டேன். "குறவஞ்சியைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள், பேயைப் பற்றிப் பேச நீங்கள் ஒருவர்தாம் இருக்கிறீர்கள்" என்றார்கள். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

நம் பழைய இலக்கியங்களில் அஞ்சத்தக்க பகுதிகள் பல உள்ளன. அவற்றை வகுப்பறையில் பொருள் சொல்லிக் கடந்துவிடுகிறோம்; பட்டிமன்றத்தில் மேற்கோள் காட்டுகிறோம். உயிருள்ள மனிதர் உயிருள்ள மனிதர் முன் நின்று அவற்றை நிகழ்த்திக் காட்டினால் என்ன ஆகும், எப்படி நிகழ்த்த வேண்டும் என்பதே இன்று என் பொருள்.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டினுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்தார். அஃது அணங்காலும் விலங்காலும் கள்வராலும் தம்மை ஆள்வோராலும் பிறக்கும் என நான்கு நிலைக்களன் வகுத்தார். இவற்றுள் விலங்கு இன்றும் நம் மலையடிவாரத் தோட்டங்களில் இரவில் இறங்கி வருகிறது. மற்ற இரண்டையும் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சிய அணங்கைத்தான் அரங்கிற்குக் கொண்டுவருவது கடினம்.

தென்காசிக் காசி விசுவநாதர் திருக்கோயிலுக்குப் போகாதவர் இங்கு இல்லை. கோபுர வாயிலில் எதிர்கொள்ளும் அந்தக் காற்றைக் கடந்து உள்ளே போனால், திருவோலக்க மண்டபத்தில் வீரபத்திரர் நிற்கிறார், காளி நிற்கிறாள், தாண்டவமூர்த்தி ஆடுகிறார். கண்கள் பிதுங்க, ஆயுதம் ஓங்கி நிற்கும் அந்த உருவங்களின் அடியில்தான் நாம் குழந்தைக்குச் சோறூட்டுகிறோம். எவரும் அஞ்சுவதில்லை. உருவம் மட்டும் அச்சத்தைத் தருவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மாதவி ஆடிய பதினோராடல்களுள் மரக்காலாடலும் ஒன்று. பாம்பும் தேளுமாக உருமாறி வந்த அவுணரைக் கொற்றவை மரக்கால் கொண்டு உழக்கிய ஆடல் அது. அந்த அரங்கில் பாம்பும் இல்லை, தேளும் இல்லை. ஆடுபவளின் கால் எங்கே தயங்குகிறது, எங்கே பாய்கிறது என்பதைக் கொண்டே காண்போர் பாம்பைக் கண்டனர். இந்த உண்மையை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தவறு செய்தே தெரிந்துகொண்டேன்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய சிற்றூர்ப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவில், கலிங்கத்துப்பரணியின் பேய்களை மேடையேற்றத் துணிந்தேன். மாணவர்களுக்குக் கரி பூசினேன், சணலைச் சடையாக்கினேன், சிவப்புத் தாள் ஒட்டிய விளக்குகளைப் பொருத்தினேன். பேய்கள் மேடைக்கு வந்ததும் ஊரே சிரித்தது. "ஏலே, அது நம்ம மாடசாமி மகன்லா!" என்று ஒரு குரல் எழுந்தது. எனக்கு மானக்கேடாகிவிட்டது. சிரிப்பை அடக்கவேண்டும் என்ற வெறியில் விளக்குகளை அணைக்கச் சொல்லி, ஒரு பேயை அவையினுள்ளே பாயச் செய்தேன். சிரிப்பு அடங்கியது. ஆனால் முன்வரிசையில் தரையில் அமர்ந்திருந்த ஒரு சிறுமி அழவும் மறந்து விறைத்துப்போனாள். அன்றிரவு அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் காலை அவளுடைய ஆச்சி பள்ளிக்கு வந்தார். திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "வாத்தியாரய்யா, பயங்காட்டத் தெரிஞ்ச ஒங்களுக்கு, பயந்தெளிய வைக்கத் தெரியாமப் போச்சே!"

அன்பர்களே, நாடகக் கலையைப் பற்றி நான் படித்த நூல்கள் அனைத்தையும்விட அந்த ஒரு சொல் எனக்குக் கற்பித்தது அதிகம்.

இந்தக் குற்றவுணர்வு எனக்கு மட்டும் உரியதன்று. தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் இளமையில் எமன், இரணியன், இராவணன், சனீசுவரன் ஆகிய வேடங்களில் அவையை நடுங்க வைத்தவர். அவர் எமனாக வந்தபோது கருவுற்றிருந்த பெண்ணொருத்தி கருச்சிதைவு உற்றாள் என்றும், சனீசுவரனாக நடித்த இரவு விடியும் வேளையில் வேடம் கலைக்கக் குளக்கரைக்குச் சென்றபோது எதிர்ப்பட்ட பெண் அஞ்சி உயிர்விட்டாள் என்றும் நாடக உலகில் வழிவழியாகச் சொல்வர். அதன்பின் அவர் வேடம் புனைவதை விடுத்து, நாடகம் எழுதுவதையும் சிறுவர்களைப் பயிற்றுவதையும் தம் வாழ்க்கையாகக் கொண்டார் என்பர். கிரேக்கத்திலும் இதையொத்த கதை உண்டு. ஈசுக்கிலசு கி.மு. 458இல் பழிவாங்கும் தெய்வங்களைக் குழுவாக அரங்கில் ஏற்றியபோது, அதைக் கண்ட மகளிர்க்குக் கருச்சிதைவு நேர்ந்ததாக அவர் வரலாற்றில் ஒரு செவிவழிச் செய்தி இருக்கிறது.

இவை அப்படியே நடந்தனவா என்பது ஒருபுறம் இருக்கட்டும். கடல்கடந்த இரு நாடுகள் ஒரே கதையை ஏன் சொல்லிக்கொண்டன? அஞ்ச வைக்கும் ஆற்றலுக்கு ஒரு பொறுப்பு உண்டு என்பதை இரண்டும் அறிந்திருந்தன. சுவாமிகளின் கதையை மீண்டும் எண்ணிப் பாருங்கள். குளக்கரையில் நேர்ந்த தீங்கு, வேடம் அரங்கை விட்டு வெளியேறியதால் நேர்ந்தது. நான் செய்த பிழையும் அதுவே.

அப்படியானால் அச்சத்தை எப்படி அரங்கேற்றுவது? சீத்தலைச் சாத்தனார் விடை வைத்திருக்கிறார். மணிமேகலையின் ஆறாவது காதை, சக்கரவாளக்கோட்டம் உரைத்த காதை. புகாரின் சுடுகாட்டுப் பக்கமாகச் சார்ங்கலன் என்னும் அந்தண இளைஞன் தனியே வருகிறான். பெண்ணொருத்தியின் கருந்தலையைக் கையில் ஏந்தி மகிழ்ந்தாடும் பேய்மகளைக் கண்டுவிடுகிறான். வீட்டிற்கு ஓடி, பேய்க்கு என் உயிரைக் கொடுத்துவிட்டேன் என்று தாயிடம் சொல்லி, அவள் முன் வீழ்ந்து இறக்கிறான். தாய் கோதமை, கணவனோடு தானும் கண்ணிழந்தவள். பெற்ற பிள்ளை ஓடிவரும் காலடியைக் கேட்கிறாள். அவன் சொல்லைக் கேட்கிறாள். உடல் விழும் ஓசையைக் கேட்கிறாள். முகத்தைக் காணமாட்டாள். இறந்த மகனை மார்பில் தழுவிச் சுமந்து, நள்ளிரவில் கோட்டத்தின் வாயிலில் நின்று சம்பாபதித் தெய்வத்தை அழைக்கிறாள். என் உயிரை எடுத்துக்கொண்டு அவனுயிரைத் தா என்கிறாள்.

தெய்வம் சொல்லும் மறுமொழி நம் பொருளுக்கு உயிர்நாடி. அணங்கோ பேயோ உயிரை உண்பதில்லை. அவனுடைய மருட்சியைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஊழ்வினைதான் உண்டது என்கிறது. கோதமை அதை ஏற்கவில்லை. உயிரை மீட்கும் வரத்தைத் தேவர் தருவர் என்று மறை சொல்கிறதே என்கிறாள். அந்த ஒரு தாயின் ஐயத்தைத் தெளிவிக்கச் சக்கரவாளத்துத் தேவர் அனைவரையும் சம்பாபதி அழைத்து வந்து நிறுத்துகிறது. இறந்தவன் மீளவில்லை. ஆனால் கேட்பாரற்று அழுத குரலுக்கு அண்டம் முழுதும் வந்து நின்று செவி கொடுத்தது.

பேய் கொல்லவில்லை, மருட்சி கொன்றது என்று காப்பியமே சொல்லும்போது, மேடையில் பேயைத் தேடி நாம் ஏன் சணலும் கரியும் வாங்க வேண்டும்? பேயைக் கண்டவனின் முகம் போதும். அதனினும் மேலாக, அந்த முகத்தைக் காணமாட்டாத தாயின் செவி போதும். அவையோர் அவளோடு சேர்ந்து கேட்கத் தொடங்கிய கணத்தில் அச்சம் அரங்கேறிவிடும். அடுத்த கணத்தில் அது இரக்கமாக மாறிவிடும்.

அரங்க அமைப்பையும் சாத்தனாரே தந்திருக்கிறார். கோட்டத்திற்கு நான்கு வாயில்கள்: கொடி விளங்கும் தேவர் வாயில் ஒன்று, நெல்லும் கரும்பும் நீரும் சோலையும் எழுதியது ஒன்று, ஓவியம் ஏதுமின்றி வெண்சுதை பூசியது ஒன்று, பாசமும் சூலமும் ஏந்திய சுதைப் பூதம் நிற்பது ஒன்று. நான்கு திரைகள் போதும். அச்சம் தருவது பூத வாயிலன்று, ஒன்றுமே எழுதாத அந்த வெள்ளை வாயில்தான் என்பது என் துணிபு. ஒலிகளையும் அவர் அடுக்கியிருக்கிறார்: துறவோர் இறந்தபோது தொழும் ஒலி, பிறர் இறந்தபோது அழும் ஒலி, நரியின் ஊளை, கூகையின் குரல். இவற்றை ஒலிநாடாவில் பதிவுசெய்து போடவேண்டாம். மனிதக் குரலே எழுப்பட்டும்.

குறைந்த பொருளால் நிறைந்த அச்சத்தை எழுப்பும் வித்தை நம் மண்ணுக்குப் புதிதன்று. வில்லுப்பாட்டில் நீலி கதையைக் கேட்டவர்கள் அறிவர். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி அவள் வணிகனின் பின்னே வருகிறாள். மேடையில் நீலியும் இல்லை, குழந்தையும் இல்லை. வில்லும் குடமும் உடுக்கையும் வீசுகோலும் ஒரு பாடகரும்தான். ஆனால் குடத்தின் ஒலி தாழும்போது, இடுப்பில் குழந்தை வைத்திருக்கும் தாய்மார் தம்மையறியாமல் அதை இறுகப் பிடித்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். இலண்டனில் 1989 முதல் 2023 வரை ஓடிய 'கறுப்புடைப் பெண்' என்னும் பேய் நாடகத்தின் கதையையும் இரண்டே நடிகர்கள்தாம் நடத்திச் சென்றனர். அங்கும் அச்சத்தின் பெரும்பகுதியைச் செய்தது இருளும் ஒலியும் காண்போர் மனமும்தான்.

கலிங்கத்துப்பரணியையும் நான் கைவிடவில்லை. அன்று ஊர் சிரித்ததே, அது என் தோல்வியன்று. செயங்கொண்டாரின் வெற்றி என்று பின்னாளில் உணர்ந்தேன். யானைத் தந்தத்தால் பல் விளக்கி, யானையின் விலா எலும்பால் நாக்கு வழித்து, களத்திலே கூழ் அட்டு, குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் கருவுற்ற பேய்க்கும் பந்தி வைக்கும் பேய்களைக் கண்டு சிரிக்காமல் வேறென்ன செய்வது? பசித்தவன் படும் பாடுதான் அந்தப் பேய்கள் படும் பாடும். சிரிப்பு அடங்கியபின், அந்தக் கூழில் வெந்தது யார் என்ற நினைவு வரும். அச்சம் அங்கே தொடங்கும். நான் அதற்குப் பொறுத்திருக்கவில்லை.

இனி, ஆச்சியின் கேள்விக்கு வருகிறேன். பயந்தெளிய வைப்பது எப்படி? நம் ஊர்க் கொடைகள் அதற்கு விடை சொல்கின்றன. சுடலைமாடன் கோயிற்கொடையில் கணியான் கூத்து நடக்கிறது. அண்ணாவி பாட, இரண்டு மகுடங்கள் அதிர, பெண் வேடமிட்ட ஆடவர் ஆட, கதை நள்ளிரவில் ஏறுகிறது. சாமியாடி பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போகிறார். பிள்ளைப் பருவத்தில் அந்த மகுடத்தின் ஒலிக்கு நான் தந்தையின் துண்டுக்குள் முகம் புதைத்தது நினைவிருக்கிறது. ஆனால் மறுநாள் காய்ச்சல் கண்டதில்லை. ஏன்? போனவர் திரும்பி வந்தார். அந்தக் கையாலேயே என் நெற்றியில் திருநீறு பூசினார். கொடை மஞ்சள் நீரோடு முடிந்தது. அஞ்ச வைத்தவரே ஆற்றுப்படுத்தவும் செய்தார். காப்புக் கட்டித் திறந்த கதவை முறையாக அடைத்துவிட்டுத்தான் ஊர் உறங்கப் போயிற்று. கோதமைக்குத் தேவர் வந்து நின்றதும் இத்தகைய ஓர் அடைப்புத்தான்.

பாட்டைக் கண்ணால் படித்தால் போதாது, வாய்விட்டுப் பாடிக் கேட்கவேண்டும் என்று இந்தக் குற்றாலத்திலிருந்து ரசிகமணி டி.கே.சி. தமிழுலகுக்குக் காட்டினார். அவர் வாழ்ந்த மண்ணில் பத்தாண்டுகள் கவிதை கேட்ட வட்டம் நாம். பதினோராம் ஆண்டில் ஒரு படி மேலே போவோம். சாரல் ஓய்ந்தபின் ஓர் இரவு, சக்கரவாளக்கோட்டத்தை நிகழ்த்துவோம். கோதமையாக ஒருவர், சம்பாபதியின் குரலாக ஒருவர், சார்ங்கலனாக ஓர் இளைஞன், மகுடக் கலைஞர் இருவர், ஒரு குத்துவிளக்கு. அக்கலைஞர்களின் பெயர் அழைப்பிதழில் நம் பெயர்களுக்கு மேலே இருக்கட்டும். அவர்களுக்குரிய ஊதியம் மேடை ஏறுமுன் அவர்கள் கையில் இருக்கட்டும். கவிஞர்களே, பழைய சொற்களுக்கும் இன்றைய செவிகளுக்கும் இடையே பாலமாகச் சில வரிகள் எழுதித் தாருங்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஒன்று செய்வோம். பேயின் குரலை எழுப்பியவர் விளக்கை ஏந்தி அவையின் முன் வரட்டும். எல்லார் முன்னும் முகம் கழுவட்டும். முன்வரிசைக் குழந்தைகளிடம் தம் பெயரைச் சொல்லட்டும்.

அந்தச் சிறுமி இன்று எங்கோ ஒரு தாயாக இருப்பாள். அவள் தன் பிள்ளையை அழைத்துக்கொண்டு அந்த நிகழ்ச்சிக்கு வந்தால், அவளுடைய ஆச்சிக்கு நான் அன்று சொல்லாத மறுமொழியைச் சொன்னவன் ஆவேன்.