சுரமும் வருகைப் பதிவும்

1957 மே மாதத்தில், சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த ‘ரஜுலா’ கப்பலோடு ஆசிய ப்ளூ காய்ச்சல் நம் நாட்டில் புகுந்தது. இருமலாலும் தும்மலாலும் பரவும் ப்ளூவுக்கு, வேங்கிக்காலிலிருந்து மாணாக்கர் நெருக்கியடித்துக் கல்லூரி செல்லும் பேருந்தைவிட ஏற்ற வாகனம் ஏது? தீபத்திற்குக் கூட்டம் திரளும் மழைக்காலமோ அதற்கு உகந்த பருவம்.

சுரமுற்றவர் வீட்டில் இருப்பதே முறை. ஆயினும், வருகைப் பதிவு குறைந்தால் தேர்வெழுத இயலாதே என்றஞ்சிப் பலர் சுரத்தோடு வகுப்பில் அமர்கின்றனர். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி புகுந்த பெண்களுக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கியது. 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் ஆண்பிள்ளைகளுக்கும் அவ்வாறே வழங்கிற்று. நல்ல உதவிதான். ஆனால் நோயுற்ற நாளுக்கு விடுப்பளிப்பது கல்லூரியின் கையில் உள்ளது. மூன்று நாள் சுரத்திற்கு மருத்துவச் சான்று கேட்டு ஏழைப் பிள்ளையை அலைக்கழியாமல், பெற்றோர் கடிதத்தையே ஏற்கலாம் என்பது என் கருத்து.