மண்புழு உரமும் மண்ணின் மீதான உரிமையும்

(வேளாண் அரங்கத் தோழர்களுக்கான வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)

இயற்கை வேளாண்மை என்ற சொல் இன்று எல்லா மேடைகளிலும் ஒலிக்கிறது. ஒன்றிய அரசின் விளம்பரங்களில் அது இடம்பெறுகிறது. பெருநிறுவனங்களின் கடைகளில் வண்ணப் பைகளில் அடைத்து விற்கப்படுகிறது. விவசாயிகளிடையே பணியாற்றுவோர் இதை அப்படியே ஏற்பதும் தவறு. முற்றாக ஒதுக்குவதும் தவறு. இதில் எது அறிவியல், எது வணிகம், எது அரசு தன் பொறுப்பைக் கைகழுவும் வழி என்று பிரித்தறிவதே இன்றைய தேவை. அவ்வாறு பிரித்தறிவதற்கு மண்புழு உரம் பொருத்தமான எடுத்துக்காட்டு ஆகும்.

இந்தியாவில் இந்தத் தொழில்நுட்பம் உருப்பெற்றதில் பொதுப் பல்கலைக்கழகங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1964இல் தொடங்கப்பட்ட பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தில் ராதா காலேயும் அவருடைய சக ஆய்வாளர்களும் மேற்கொண்ட பணி இத்துறையில் முன்னோடியானது. இந்திய மண்ணுக்கு உரிய பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் என்ற மண்புழு கழிவுகளை உரமாக்கும் திறன் பற்றிய அவர்களது ஆய்வு 1982இல் வெளிவந்தது. அடுத்து, ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட யூட்ரிலஸ் யூஜினியே என்ற வகையை வளர்த்து உரம் தயாரித்தனர். அந்த உரத்துக்கு 'வீகாம்ப் இ. 83' என்று பெயரிட்டு, வயல்களில் சோதித்து, முடிவுகளை 1986இல் வெளியிட்டனர். மக்களின் வரிப்பணத்தில் நடந்த ஆய்வு அது. அதன் பயன் காப்புரிமைப் பூட்டுக்குள் அடைபடவில்லை. கற்றுக்கொள்ள விரும்பிய விவசாயிக்கு அது எட்டியது. வேளாண் பல்கலைக்கழகங்களையும் கிராமங்களையும் இணைக்க 1974இல் புதுச்சேரியில் முதலாவதாகத் தொடங்கப்பட்ட வேளாண் அறிவியல் நிலையங்கள் இன்று நாடெங்கும் 700க்கும் அதிகமாக உள்ளன. மண்புழு உரப் பயிற்சி அவற்றின் வழக்கமான பணிகளில் ஒன்று.

தொழில்நுட்பம் எளியது. ஆயினும் அதற்கும் விதிகள் உண்டு. எல்லா மண்புழுக்களும் உரத் தொட்டிக்கு ஏற்றவை அல்ல. மண்ணுக்குள் ஆழமாகத் துளையிட்டு வாழும் வகைகள் வயலுக்கு நன்மை செய்பவை. ஆனால் தொட்டியில் தழைக்க மாட்டா. மேற்பரப்பில் மக்கும் கழிவுகளைத் தின்று விரைவாகப் பெருகும் வகைகளே இதற்கு உகந்தவை. புதிய சாணத்தை அப்படியே இட்டால் அதில் எழும் வெப்பம் புழுக்களைக் கொன்றுவிடும். எனவே சாணத்தையும் பயிர்க் கழிவையும் இரண்டு, மூன்று வாரங்கள் பாதி மக்கவைத்த பிறகே புழுக்களை விடவேண்டும். நிழல் வேண்டும், ஈரம் இருக்கவேண்டும், தண்ணீர் தேங்கக்கூடாது. எறும்பு, எலி, கோழி ஆகியவற்றிடமிருந்து பாதுகாப்பு வேண்டும். ஏறத்தாழ 45 முதல் 60 நாட்களில் உரம் தயாராகும். எடுப்பதற்குச் சில நாட்கள் முன்பு தண்ணீர் தெளிப்பதை நிறுத்தினால், புழுக்கள் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். மேலே உள்ள உரத்தை அள்ளிச் சலித்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு உண்மையை மறைக்கக்கூடாது. மண்புழு எந்தச் சத்தையும் புதிதாகப் படைப்பதில்லை. கழிவில் உள்ள சத்தை, நுண்ணுயிரிகளின் துணையோடு, பயிர் எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றுகிறது. அதோடு மண்ணுக்கு அங்ககக் கரிமத்தையும், ஈரம் காக்கும் திறனையும் தருகிறது. இந்த நன்மைகள் யூரியா மூட்டையில் கிடைக்கமாட்டா. ஆனால் தழைச்சத்தின் கணக்கு வேறு. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 46 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 20.7 கிலோ தழைச்சத்து இருக்கிறது. நல்ல மண்புழு உரத்தில் தழைச்சத்து ஒன்றரை விழுக்காடு என்று கொண்டால், அதே அளவைப் பெற ஏறத்தாழ 1,400 கிலோ உரம் வேண்டும். அதிலும் ஒரு பகுதிதான் முதல் பருவத்தில் பயிருக்குக் கிடைக்கும். மீதி அடுத்தடுத்த பருவங்களில் மெல்ல வெளிப்படும்.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு முடிவுகள் எழுகின்றன.

முதலாவது, மண்புழு உரத்தைக் காட்டி இரசாயன உர மானியத்தை வெட்டுவது அறிவியலுக்குப் புறம்பானது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சத்து அடிப்படையிலான மானியக் கொள்கை டிஏபி, பொட்டாஷ் ஆகியவற்றின் விலை உயர வழிதிறந்தது. 2023 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை பிஎம்-பிரணாம் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இரசாயன உரப் பயன்பாட்டைக் குறைக்கும் மாநிலத்துக்கு, அதனால் மிச்சமாகும் மானியத்தில் பாதி வழங்கப்படும் என்பது அதன் சாரம். மீதிப் பாதி ஒன்றியக் கருவூலத்தில் தங்கிவிடும். அதே முடிவின் பகுதியாக இயற்கை உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவி அறிவிக்கப்பட்டது. ஆனால் அது கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் கோபர்தன் திட்ட ஆலைகளின் உரத்துக்கு உரியது. தென்னங்கீற்று நிழலில் நான்கு தொட்டி வைத்து உரம் தயாரிக்கும் கிராமப் பெண்ணுக்கு அதில் இடமில்லை.

இரண்டாவது முடிவு, உரிமை பற்றியது. இந்த உரத்தின் பயன் பல பருவங்களுக்கு நீள்கிறது என்று கண்டோம். அப்படியானால், அடுத்த ஆண்டு நிலம் தன்னிடம் இருக்குமா என்று தெரியாத குத்தகை விவசாயி இன்று எதற்காக டன் கணக்கில் எருவைக் கொட்டவேண்டும்? வாய்மொழிக் குத்தகையில் உழைப்பவர், உடனே பலன் தரும் யூரியாவை நாடுவது அறியாமையால் அல்ல; அவரது நிலைமை அவரை அங்கே தள்ளுகிறது. நிலமற்ற தொழிலாளியின் நிலை இன்னும் கடினமானது. மாடு இல்லாதவருக்குச் சாணம் இல்லை. புறம்போக்கு ஆக்கிரமிக்கப்பட்ட ஊரில் தொட்டி வைக்க இடமும் இல்லை. மாடு இருக்கும் ஏழைக் குடும்பத்திலும், சமையல் எரிவாயு உருளை வாங்க முடியாதபோது சாணம் வரட்டியாகி அடுப்புக்குப் போகிறது. பல்கலைக்கழகம் பயிற்சி தரலாம், சான்றிதழ் தரலாம். ஆனால் இந்தத் தடைகளைப் பயிற்சி வகுப்பு நீக்கிவிடாது.

முதலாளித்துவ வேளாண்மை மண்ணின் வளத்தையும் உழைப்பாளியின் வலுவையும் ஒருசேர உறிஞ்சுகிறது என்பதை 1867இல் வெளிவந்த மூலதனம் முதல் தொகுதியில் மார்க்ஸ் விவாதித்தார். மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்குத் திருப்பித் தருவது வெறும் தொழில்நுட்பச் சிக்கல் அன்று, சமூக உறவுகளின் சிக்கல் என்ற அந்தப் பார்வை இங்கே வழிகாட்டுகிறது.

இரண்டு நாடுகளின் அனுபவம் இதைத் தெளிவாக்கும். கியூபாவில் மண்புழு உரத் திட்டம் 1986இல் இரண்டு சிறிய பெட்டிப் புழுக்களோடு தொடங்கியது. சோவியத் ஒன்றியம் வீழ்ந்து, அமெரிக்கப் பொருளாதாரத் தடையும் இறுகியபோது, உர இறக்குமதி சரிந்தது. அந்த நெருக்கடியில், 1992இல், 172 மையங்கள் 93,000 டன் மண்புழு உரம் தயாரித்தன. ஆய்வு பொதுத்துறையில் இருந்தது; நிலம் சமூகத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது; திட்டமிடல் இருந்தது. இதற்கு மாறாக இலங்கையில் 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே ஆணையில் தடைசெய்யப்பட்டது. மாற்று உரமோ, பயிற்சியோ, அவகாசமோ இல்லை. நெல்லும் தேயிலையும் பாதிக்கப்பட்டன. விவசாயிகள் தெருவில் இறங்கினர். நவம்பரில் அரசு பின்வாங்கியது. 'இயற்கை உரம்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு அரசியல்கள் நடந்தேறின.

இந்தியாவிலும் ஒரு பாடம் உண்டு. சத்தீஸ்கரில் 2020 ஜூலையில் தொடங்கிய கோதன் நியாய் திட்டத்தில் அரசு கிலோ 2 ரூபாய்க்குச் சாணத்தை வாங்கியது. பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் அதை மண்புழு உரமாக்கின. சாணத்துக்கு விலையும், உரத்துக்குக் கொள்முதலும் உறுதியானால் நிலமற்ற குடும்பங்களும் இதில் பங்குபெற முடியும் என்று அது காட்டியது. 2023 டிசம்பரில் ஆட்சி மாறிய பின் திட்டம் பழைய வடிவில் தொடரவில்லை. அரசாணையை மட்டும் நம்பி நிற்கும் திட்டம் அரசோடு போய்விடும். மக்கள் அமைப்பாகத் திரண்டு காக்கும் திட்டமே நிலைக்கும்.

ஆகவே தோழர்களே, வேளாண் அரங்கம் முன்வைக்கவேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. வேளாண் பல்கலைக்கழகங்களுக்குப் போதிய நிதி வேண்டும். காலிப் பணியிடங்கள் நிரப்பப்படவேண்டும். குத்தகை விவசாயிகளின் உரிமை பதிவு செய்யப்படவேண்டும். பெண்கள் கூட்டுறவுகளுக்குப் பொது இடமும், சந்தை உதவியும், தரப் பரிசோதனை வசதியும் தரவேண்டும். அங்கக உரத்துக்கும் ஆதரவு வேண்டும். இரசாயன உர மானியமும் தொடரவேண்டும்.

ஒவ்வொரு கிளையும் முதலில் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி, குத்தகை விவசாயிகளையும் விவசாயத் தொழிலாளிப் பெண்களையும் அந்தப் பயிற்சிக்கு அழைத்துச் செல்லலாம். பயிற்சி முடிந்து வீடு திரும்பும்போது, தொட்டி வைக்க இடம் எங்கே, சாணம் எங்கே, விலை எங்கே என்ற கேள்விகள் தாமாகவே எழும். இயக்கம் அங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.